கடலில் எறியாத மாத்திரைகள்

எபி,

"கர்த்தருக்குள் மிகவும் பிரியமான" என்று எழுதித்தான் ஆரம்பித்தேன். இருபத்தைந்து வருஷப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. எழுதியதைத் திரும்பப் படித்தேன். கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்திருக்கிறேன். வாயைத் திறந்தால் சாட்சி, பேனாவை எடுத்தால் ஆசீர்வாதம் என்றே என் காலம் ஓடிவிட்டது. இன்று ஒருநாளாவது ஜோடனை இல்லாமல் பெற்ற பிள்ளையோடு பேச வருகிறதா என்று பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் உன் மனைவி கிருபா எனக்கு போன் செய்தாள். அவளிடம் சண்டைக்குப் போகாதே. "அத்தை, அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்று நாலு தடவை கெஞ்சிவிட்டுத்தான் விஷயத்துக்கே வந்தாள். "டீ குடிச்சிட்டே பேசிட்டு இருந்தார் அத்தை. பாதிப் பேச்சுல அப்படியே நின்னுட்டார். கண்ணு திறந்திருக்கு, ஆனா ஆள் இல்ல. வாயை மட்டும் சப்பிட்டே இருந்தார். டீ பூரா மடியில கொட்டிடுச்சு, அந்தச் சூடுகூட அவருக்குத் தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு, 'எதுக்குடி கத்துற'ன்னு என்னையே கேக்கறார்." இது மூன்றாவது தடவையாம். டாக்டரிடம் போகலாம் என்று அவள் அழுததற்கு நீ சொன்ன பதிலையும் சொன்னாள். "நான் குணமாக்கப்பட்டவன். என் வாழ்க்கையே அதுக்குச் சாட்சி. இது சத்துரு வைக்கிற சோதனை, நீ வாயைத் திறந்து அதுக்கு இடம் கொடுக்காதே." அப்படிச் சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஊரப்பாக்கத்திலிருந்து சிறுசேரி வரைக்கும் லாரிகளுக்கு நடுவில் பைக்கை ஓட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போயிருக்கிறாய்.

அன்று சாயங்காலமே அந்த போஸ்டர் என் போனுக்கு வந்தது. நீ கிட்டாரோடு நிற்கிறாய். உனக்குப் பின்னால் கடல். ஓரமாக ஒரு பெண் நிழலாக நின்று கையை வீசுகிறாள், அவள் கையிலிருந்து மாத்திரைகள் பறக்கின்றன. மேலே கொட்டை எழுத்தில் "கடலில் எறியப்பட்ட மாத்திரைகள்." கீழே "சகோதரர் எபிநேசரின் சாட்சியும் பாடல்களும், ஞாயிறு மாலை." வேலைக்கு ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டாய் என்றும், இனி முழுநேர ஊழியம் என்றும் சபை வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் ஸ்தோத்திரம் போட்டிருந்தார்கள். நானும் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், எபி. நான் எந்த மாத்திரையையும் எந்தக் கடலிலும் எறியவில்லை. ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை, காலையும் மாலையும், ஒரு வேளை தவறாமல் நீ மாத்திரை சாப்பிட்டாய். உன் வலிப்பு அதனால்தான் நின்றது. ஞாபக சக்திக்கு என்று சொல்லி நான் வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்ததெல்லாம் அதுதான். உனக்கு வலிப்பு மறுபடி வந்திருக்கிறது. என் பொய்யை நம்பிக்கொண்டு நீ டாக்டரிடம் போகாமல் இருக்கிறாய். இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பத்தியை மறக்காதே.

உனக்கு முதல் வலிப்பு சபையில்தான் வந்தது. ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது பாயில் உட்கார்ந்திருந்தவன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாய். யாரோ ஓடிவந்து உன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். யாரோ "அசுத்த ஆவி" என்று கத்தினார்கள். நான் உன் நெற்றியில் கையை வைத்து யாருக்கும் புரியாத அந்நிய பாஷையில் ஜெபித்துக் கூவிக்கொண்டிருந்தேன். உன் அப்பாதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து உன்னைத் தூக்கினார். கல்பாக்கத்தில் வேலை பார்த்த மனுஷர், மேடைப் பேச்செல்லாம் வராது. "தள்ளுங்க, புள்ளைக்கு மூச்சு விட எடம் குடுங்க" என்று மட்டும் சொன்னார். செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அந்த அம்மா உன்னைப் பார்த்த பார்வையில் அவசரமே இல்லை. "இதும் ஒரு வியாதிதாம்மா. சாமியும் இல்ல, பேயும் இல்ல. மாத்திரையை விடாம குடுங்க, நின்னுடும்" என்றார்கள். எட்டு மாதத்தில் நின்றது. மூன்று வருஷம் கழித்து அவர்களேதான் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். கடைசி நாளன்று, "பெரியவனான பிறகு திரும்பி வந்தாலும் வரலாம். வந்தா மறைக்காம கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

முதல் வருஷம், கூட்டங்களில் பாடுமுன் நான் சொன்ன சாட்சி உண்மையான சாட்சிதான். என் பிள்ளை விழுந்தான், நான் ஜெபித்தேன், ஆண்டவர் நல்ல டாக்டரையும் நல்ல மருந்தையும் காட்டினார், இன்று அவன் பள்ளிக்கூடம் போகிறான். இவ்வளவுதான். மூன்றே நிமிஷம். பிறகு பாட்டு. திருக்கழுக்குன்றத்தில் ஒரு கன்வென்ஷன் முடிந்ததும், அதை நடத்தியவர் டீ டம்ளரோடு வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், பாட்டு அபிஷேகமா இருந்துச்சு. சாட்சிதான் கொஞ்சம் இழுக்குது. ஆஸ்பத்திரி, மாத்திரைன்னு நீங்க ஆரம்பிச்சதும் ஜனங்க அப்படியே அடங்கிப் போயிடறாங்க. மகிமையை ஏன் டாக்டருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கறீங்க?" என்றார். நான் அவரிடம் கோபப்பட்டிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன். அடுத்த கூட்டத்தில் டாக்டரம்மா காணாமல் போனார்கள். கூட்டம் இரண்டு மடங்கு அழுதது. எனக்கு அது பிடித்திருந்தது, எபி. அதை நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது, ஆனால் அன்று பிடித்திருந்தது.

திருவிடந்தைப் பக்கம் கடற்கரையில் ஒரு திறந்தவெளிக் கூட்டம். மேடைக்குப் பின்னால் கடல். காற்று மைக்கில் இரைகிறது. சாட்சி பாதியில் போய்க்கொண்டிருக்கிறது, எனக்கு அடுத்த வரி வரவில்லை. ஜனங்களைப் பார்க்கிறேன், கடலைப் பார்க்கிறேன். "அந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டு இதே கடலுக்கு வந்தேன்" என்று வாய் சொல்லிவிட்டது. "இனி நீயே என் பிள்ளைக்கு மருந்து என்று சொல்லி இந்தத் தண்ணீரில் எறிந்தேன்." கீபோர்டு வாசிக்கும் ஸ்டீபன் அதுவரை மெல்ல வாசித்துக்கொண்டிருந்தவர், சட்டென்று இரண்டு கையாலும் ஒரு அழுத்து அழுத்தினார். அல்லேலூயா என்று கூட்டம் எழுந்து நின்றது. அதன்பிறகு அந்த இடத்துக்கு எங்களுக்குள் ஒரு ஜாடையே இருந்தது. நான் இடதுகையை உயர்த்தினால் அவர் வாசிப்பதை நிறுத்த வேண்டும். "எறிந்தேன்" என்று சொல்லி நான் இரண்டு மூச்சு விடும்வரை நிசப்தம். அப்புறம்தான் பல்லவி. இதற்கு ஒத்திகை பார்த்தோம். அவருடைய வீட்டு ஹாலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கையில் ஒரு சீப்பை மைக்காக வைத்துக்கொண்டு, என் பிள்ளையின் வியாதிக்கு ஒத்திகை பார்த்தேன். இதைவிடக் கேவலமாக ஒரு தாயால் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

தெரியும். இன்னும் கேவலமாக ஒன்று செய்தேன். கூட்டங்கள் ஆறரைக்குத் தொடங்கும், உன் மாத்திரை வேளை ஆறு மணி. ஆகவே வேனிலேயே பழத்தில் பாதி மாத்திரையை அழுத்தி உன் வாயில் வைப்பேன். நீ முழுங்கிவிட்டு வாயை ஆவென்று திறந்து காட்டுவாய். உன் வாயைத் துடைத்து, தலையைச் சீவி, முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டு மேடையேறி, நா கூசாமல், அதைக் கடலில் எறிந்துவிட்டேன் என்று சொல்வேன். "அதோ, அந்தப் பிள்ளைதான்" என்று உன்னைக் காட்டுவேன். நீ எழுந்து நின்று கையாட்டுவாய். ஜனங்கள் உன்னைத் தொட்டுப் பார்க்க வருவார்கள். தொட்டுப் பார்த்த ஒவ்வொருவரும் அரை மணி நேரத்துக்கு முன்னால் மாத்திரை சாப்பிட்ட பிள்ளையைத்தான் தொட்டுப் பார்த்தார்கள்.

உனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். "அம்மா, நீ மாத்திரையை எறிஞ்சல்ல, ஒரு அலை வந்து அந்த அட்டையைத் திருப்பிக் கொண்டாந்து போட்டுச்சே, நீ அதை எடுத்து மறுபடியும் எறிஞ்சியே, எனக்கு ஞாபகம் இருக்கு." நடக்காத ஒன்றை நீ பார்த்திருக்கிறாய். அத்தனை தடவை நான் சொல்லிச் சொல்லி அது உன் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. உன் அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த நிமிஷத்தில், "இல்லடா கண்ணு, அப்படி எதுவும் நடக்கல" என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வாரமே அலையை சாட்சியில் சேர்த்துவிட்டேன். "பிசாசு அதைத் திருப்பி அனுப்பினான், நான் மறுபடியும் எறிந்தேன்." ஞாயிற்றுக்கிழமை நீ மேடையில் சொல்லப்போகிற உச்சக்கட்டம் அதுதானே? அது ஒன்பது வயதுப் பிள்ளையின் கற்பனை. பெற்றவள் அதைப் பிடுங்கி விற்றாள்.

அப்பா அன்றோடு கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். "உனக்கு விசுவாசம் போயிடுச்சு" என்று நான் அவரையே திட்டினேன். நீயும் வளர்ந்த பிறகு, அப்பா ஜெபிக்காத மனுஷர் என்று அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாய். உன் மாத்திரைச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பத்திரப்படுத்தியவரும், வேளைக்கு வேளை எனக்கு நினைவுபடுத்தியவரும் அவர்தான். அவர் ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று நேற்றுக் கேட்டேன். "அவனுக்கு அம்மா மேல இருந்த மரியாதையைக் கெடுக்கணுமான்னு இருந்துட்டேன். அதுவும் தப்புதான்" என்றார்.

செல்வியைப் பற்றி நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். பயிர் வைக்கிற குடும்பம், நம் சபை ஆட்கள் இல்லை. அவளுடைய மகள் நதியாவுக்கும் வலிப்பு. யாரோ சொல்லி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கூட்டத்துக்கு வந்தாள். கூட்டம் முடிந்ததும் உன்னைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் பஸ் ஏறி மாமல்லபுரம் போய், நதியாவின் மாத்திரைகளை மொத்தமாகக் கடலில் போட்டுவிட்டு வந்தாள். நான் சொன்னதை அப்படியே செய்தாள். பத்துப் பதினைந்து நாள் பிள்ளை நன்றாகத்தான் இருந்ததாம். பிறகு ஒருநாள் அடுப்புக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து, கொதிக்கிற சோற்றுப் பானைமேல் விழுந்தது. வலதுகை முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது.

கட்டுப் போட்ட பிள்ளையோடு அவள் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தாள். அப்போது உனக்குப் பதினேழு வயது, டியூஷனுக்குப் போயிருந்தாய். அவள் சண்டை போட வரவில்லை, எபி. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சந்தேகம் கேட்க வந்தாள். "நீ சொன்ன மாதிரியேதான்க்கா செஞ்சேன். உனக்குக் கேட்டாரு, எனக்கு மட்டும் ஏன்க்கா கேக்கல? நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்றாள். அந்தப் பிள்ளை என் வீட்டு வாசலில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் செல்வியின் தலையில் கையை வைத்து, "விசுவாசத்துல எங்கயோ ஒரு குறை இருக்கும்மா, இன்னும் ஊக்கமா ஜெபம் பண்ணு" என்று சொல்லி அனுப்பினேன். மாத்திரையை மறுபடி கொடு என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. சொன்னால் என் சாட்சி போய்விடுமே. அடுத்த வெள்ளிக்கிழமை செங்கல்பட்டில் பாடினேன். இடதுகையை உயர்த்தினேன். ஸ்டீபன் நிறுத்தினார். எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக நடந்தது.

என்னைப் பார்த்து எனக்கு வருகிற அருவருப்பை எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. தொண்டை கெட்டுப்போய் நான் பாடுவதை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. தொண்டைதான் நிறுத்தியது, மனசாட்சி இல்லை. தொண்டை இருந்திருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பக்கத்தில் நின்று கூடவே எறிந்துகொண்டிருப்பேன்.

ஊழியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உனக்கு என்னைவிட நல்ல குரல். பாடு. ஆனால் பாட்டுக்கு முன்னால் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் சும்மா பாடு. ஒரு சாட்சி தடவைக்குத் தடவை நன்றாகிக்கொண்டே போனால் அதை நம்பாதே. அழ வேண்டிய இடம் உனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் மேடையைவிட்டு இறங்கிவிடு. யாராவது கூட்டம் முடிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தால், முதலில் டாக்டர் சீட்டைக் கேள். நான் விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று உன் பாஸ்டர் சொல்லுவார், சொல்லட்டும். அந்த டாக்டரம்மாவை ஆண்டவர்தான் கொடுத்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். கொடுத்ததை மறைத்தவள் நான்.

இந்தக் கடிதத்தை நான் பாடிய சபைகளுக்கெல்லாம் அனுப்பப் போகிறேன். மைக்கில் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருத்தினால் போதாது. முதலில் முழுக்கடிதத்தையும் அப்படியே அனுப்புவதாகத்தான் இருந்தேன். அப்பா இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, "மறுபடியும் அவன் உடம்பைத்தான் மேடையேத்தப் போறியா?" என்று கேட்டார். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆகவே உன் இப்போதைய வலிப்பைப் பற்றியும் உன் வீட்டைப் பற்றியும் இருக்கிற பகுதிகளையெல்லாம் வெட்டிவிட்டு, நான் செய்தது மட்டும் போகும். உன் உடம்பைப் பற்றி யாரிடம் சொல்வது, சொல்லாமல் விடுவது எல்லாம் இனி உன் விருப்பம்.

நேற்று செல்வியின் வீட்டுக்குப் போனேன். அவளிடம் சொல்லாமல் உனக்கு எழுத எனக்கு அருகதை இல்லை என்று தோன்றியது. நதியா தையல் கடைக்கு வேலைக்குப் போயிருந்தாள். இப்போது இருபத்திரண்டு வயது, ஒரு நர்ஸம்மா சொல்லி மறுபடி மாத்திரை ஆரம்பித்து வருஷக்கணக்காக வலிப்பு இல்லை. செல்வி முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாக்கா, குந்து" என்றாள். நான் உட்காரவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ நீ எறியவே இல்லியா?"

"இல்ல செல்வி."

"முன்னாடி குந்தினு இருந்துச்சே உன் புள்ள, எயுந்து கையாட்டுச்சே. அதுக்கும் குடுத்துகினுதான் இருந்தியா?"

"பத்து வயசு வரைக்கும் கொடுத்தேன். நீ பாத்தப்ப நிறுத்தி ஏழு வருஷம் ஆச்சு. டாக்டர்தான் குணமாக்கி நிறுத்தினாங்க."

அவள் கையிலிருந்த கீரையை முறத்தில் போட்டாள். "அது கையப் பாக்கறப்பல்லாம், நம்ம சாமி கும்புட்டதுதான் பத்தலன்னு நெனச்சுகினு கீறேன்க்கா, இத்தினி வருசமா" என்றாள். நான் அவள் காலைத் தொடக் குனிந்தேன். "அய்யே, அதெல்லாம் வாணாம். தள்ளு" என்று காலை இழுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்தது மன்னிப்பு இல்லை, எபி. எச்சில் இலையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். அது நியாயம்தான்.

"இத்தினி நாளு இல்லாம இன்னாத்துக்கு இப்ப வந்து சொல்ற?" என்று கேட்டாள்.

உன்னைப் பற்றிச் சொன்னேன். டீ கொட்டியதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதற்கு நீ என்னைத் திட்டலாம். கேட்டுக்கொண்டே இருந்தவள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"இப்ப அதுக்கு மாத்திர யாரு குடுக்கறாங்க?"

"யாரும் இல்ல."

"அப்ப இங்க நின்னுகினு இன்னாக்கா பண்ற? போ. போயி உன் புள்ளைக்குக் குடு."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நானும் அப்பாவும் எட்டு மணிக்கெல்லாம் உன் வீட்டில் இருப்போம். என்னோடு பேச வேண்டாம், என் முகத்தைப் பார்க்க வேண்டாம், வண்டியில் முன்சீட்டில் அப்பாவோடு உட்கார்ந்துகொள். வந்தால் போதும். குணமான பிள்ளை, குணமான பிள்ளை என்று உன்னை ஊர் ஊராகக் காட்டி, வியாதியோடு இருந்தால் உன்னை யாருக்கும் வேண்டாம் என்று உனக்குக் கற்றுக் கொடுத்துவிட்டேன். உனக்கு வலிப்பு இருக்கிறது, எபி. அதோடு நீ எனக்கு வேண்டும்.

அம்மா